பொருள்: இடதுபுறப் பின்கதவின் வெண்மை தொடர்பாக

நாறும்பூநாதனின் காரை இடித்தது ஓர் எருமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த ஆறு மாதத்தில் அந்தக் காரைப் பற்றி எழுதப்பட்ட முப்பத்தெட்டுக் கடிதங்களில் எருமையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மாசி மாதம், கரிவலம்வந்தநல்லூர் விலக்கில் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டியிருந்தார். எருமை தன்பாட்டுக்கு வந்தது, இடதுபுறப் பின்கதவில் விலாவைச் சாய்த்துச் சொறிந்துகொண்டது, போய்விட்டது. கதவு உள்ளே ஒடுங்கிவிட்டது. எருமைக்கு ஒரு கீறலும் இல்லை. எந்த அலுவலகத்திலும் அதற்கு வேலையும் இல்லை.

நாறும்பூநாதன் சங்கரன்கோவில் டாக்ஸி ஸ்டாண்டில் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறவர். வண்டி வெள்ளை, ஒன்பது வயது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் யார் கூப்பிட்டாலும் சவாரி எடுக்கமாட்டார். அந்த நாட்கள் ஞானபூரணம் டீச்சருக்கு. டீச்சர் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் வாரம் இருமுறை பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது கதை பேசிக்கொண்டு போவார். திரும்பும்போது தலை நிற்காது. பின்சீட்டில் இடதுபுறக் கதவில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்துவிடுவார். எருமை இடித்தது அந்தக் கதவைத்தான். வேறொரு டிரைவரை டீச்சர் ஒருமுறை முயன்று பார்த்தார். "அந்தப் பையன் நல்ல பையன்தான். ஆனா வேகத்தடை வந்தா அவனுக்கு ஒரு சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி நாறும்பூநாதனுக்கே போன் போட்டார்.

ராஜபாளையம் ரோட்டில் சாம்சனின் பட்டறை. ஒடுங்கிய கார்களை நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பதில் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பேர் உண்டு.

"வெள்ளைதானே சாம்சன், ரெண்டு நாள்ல குடுத்துருவியா?" என்றார் நாறும்பூநாதன்.

"வெள்ளைதானேன்னு சொல்லாதிய அண்ணாச்சி. செவப்புன்னா அடிச்சுத் தள்ளிட்டு வீட்டுக்குப் போயிருவேன். வெள்ளையிலதான் மாட்டிக்கிடுவோம். இங்கன மட்டும் பதினாலு வெள்ளை வச்சிருக்கேன். ஒண்ணும் உங்க வண்டிக்கு ஒத்துவராது. கம்பெனி வெள்ளை வேற, ஒம்பது வருசம் நம்மூரு வெயில் குடிச்ச வெள்ளை வேற."

சாம்சன் டேங்க் மூடியைக் கழற்றினான். டீசல் ஊற்றும் வாயை மறைத்திருக்கும் உள்ளங்கையளவு தகடு அது. காரைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் கலக்கும் கடைக்குப் போக முடியாது. அதனால் பெயிண்டர்கள் இந்த மூடியை மட்டும் கழற்றிச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். காரின் மற்ற இடம் என்ன வெயில் தின்றதோ அதே வெயிலைத் தின்ற தகடு. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கம்பெனி வெள்ளையில் இரண்டு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டுக் கறுப்பு என்று விட்டு, ஒத்துவரும் வரை கலக்குவார்கள். சாம்சன் திருநெல்வேலியில் அரைநாள் நின்று கலக்கிக்கொண்டு வந்தான். கதவை நிமிர்த்தி அடித்து, மறுநாள் காலை பத்து மணி வெயிலில் வண்டியை நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

"டியூப்லைட்ல பாத்தா லேசா மஞ்சக் காட்டும். டியூப்லைட்ல வச்சு எவன் கார் பாக்கப் போறான்?" என்றான்.

பாவம், அவனுக்கு வாகன நிற ஒருமைப்பாட்டு அலகைப் பற்றித் தெரியாது.

பங்குனியில் வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. பிரேக், புகை, விளக்கு எல்லாம் பார்த்துக் கையெழுத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு சீட்டை நீட்டி, "இதுல ஒரு முத்திரை மட்டும் அலகுல போய் வாங்கிட்டு வந்துருங்க" என்றார்கள்.

அந்த அலகு தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. திருடிய கார்களுக்கு வேறு பெயிண்ட் அடித்து விற்கிறார்கள் என்பதால், அவற்றைக் கண்டுபிடிப்பதற்காக உண்டாக்கியது. திருடர்கள் யாரும் விண்ணப்பிக்காததால், விண்ணப்பித்தவர்களை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. கல்யாணமே நடக்காமல் போன ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். 'கை கழுவும் இடம்' என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கம் அலுவலர் அறை. மூன்று சுவர்களிலும் மூன்று பச்சை.

படியில் ஏறப்போன நாறும்பூநாதனை அலுவலக உதவியாளர் காசி வழியிலேயே மறித்தார்.

"கதவு எங்கவே?"

"காருலதான் இருக்கு."

"காருல இருந்தா எப்படிப் பாக்க? ஆய்வு அலுவலகத்துக்கு உள்ளதான் நடக்கணும்னு விதி. காரு படியேறாதுல்லா? கதவக் கழத்தி மேல கொண்டாரும்."

சாம்சனுக்குப் போன் போட்டு வரவழைத்து, கதவைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். அலகு அலுவலர் ராம்சங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எதோட ஒப்பிட?" என்று கேட்டார்.

"கீழ நிக்கிற காரோட சார்" என்றார் நாறும்பூநாதன்.

"கார் ஆய்வறையில் இல்லையே."

அது உண்மைதான். அதனால் இடதுபுற முன்கதவையும் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். கதவுகளைச் சாய்த்து வைக்க இடமில்லை. மண்டபக்காரர் விட்டுப்போன சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு இருந்தன, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போடுவது. காசி அவற்றைத் தூசி தட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டு கதவுகளும் அதில் உட்கார்ந்தன. ராம்சங்கர் ஜன்னலைச் சாத்தச் சொல்லி டியூப்லைட்டைப் போட்டார்.

"இது வெள்ளை. அதுவும் வெள்ளை. ஒத்துக்கிடுதேன்" என்றார் அவர். "ஆனா ரெண்டும் ஒரே வெள்ளை இல்ல. பின்கதவு மஞ்சள் தட்டுது."

சாம்சனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், கீழ வெயில்ல வந்து ஒருவாட்டி பாருங்க. ஆண்டவர் சத்தியமா ஒண்ணுபோல இருக்கும்."

"தம்பி, வெயில் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நேரத்துக்கு நேரம் மாறுத ஒண்ண நம்பி ஒரு அலகு எப்படி முடிவு எடுக்கும்? டியூப்லைட் மாறாது. அதனாலதான் இங்க டியூப்லைட் குடுத்திருக்கு."

டியூப்லைட் அப்போது இரண்டு முறை கண்சிமிட்டியது. யாரும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

"சார், இந்தச் சுவரு மூணும்கூட மூணு பச்சையா இருக்கே" என்றார் நாறும்பூநாதன். குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது மூணு டெண்டர்" என்றார் ராம்சங்கர்.

பிறகு ஓர் உரை ஆற்றினார். நிறம் என்பது ஒரு வாகனத்தின் நேர்மை என்று தொடங்கினார். "பதினோரு மாசத்துல நூத்திநாப்பது வண்டி இந்த மாடி ஏறியிருக்கு. ஒண்ணுகூட முதல் தடவையில தேறினது இல்ல. எங்க தரத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மேலிடத்துல எங்களைப் பாராட்டியிருக்காங்க. ஒரு வண்டி தேறிட்டா அப்புறம் இந்த அலகு எதுக்குன்னு கேள்வி வந்துரும் பாருங்க."

உத்தரவு இதுதான்: பின்கதவுக்குக் கம்பெனி வெள்ளையையே, பதிவுச் சான்றில் உள்ள நிற எண்படி, அடித்துக்கொண்டு வரவேண்டும். டேங்க் மூடி ஆதார மாதிரியாக அலகின் வசம் இருக்கும். காசி கீழே போய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து, அதன் நட்டநடுவில் ஊதா மையில் வட்ட முத்திரை ஒன்றை அழுத்திக் குத்தி, சிவப்புப் பெயிண்டில் 'நி.ஒ.அ. 141' என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இடதுபக்கம் கதவே இல்லாத காரில், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கதவுகளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நாறும்பூநாதன் ரத வீதி வழியாக வந்தார். டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

கம்பெனி வெள்ளையை அடிக்கும்போது சாம்சனுக்கு வேலையில் மனசே இல்லை. "பழைய வேட்டியில புதுத் துண்டு ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கப் போவுது. எப்படியும் பெயிலாத்தான் போடப் போறாவ. இதுக்கு மேல்வார்னிஷ் வேற ஒரு கேடா?" என்று பெயிண்டோடு நிறுத்திக்கொண்டான். வெயிலிலிருந்து பெயிண்டைக் காப்பாற்றுவது அந்த மேல்வார்னிஷ்தான். கோபத்தில் வேலை செய்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

மறுபடியும் சிவப்பு நாற்காலிகள். மறுபடியும் இரண்டு கதவுகள். ராம்சங்கர் கம்பெனியின் நிற அட்டையைப் பின்கதவில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமை. கதவு சரி."

நாறும்பூநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்போ முத்திரை போட்டுருவியளா சார்?"

"கதவு சரின்னா கார் தப்பு" என்றார் ராம்சங்கர். "பதிவுச் சான்றுல சொன்ன நிறத்துல இருக்கது இந்தக் கதவு ஒண்ணுதான். மிச்சக் கார் முழுக்க அனுமதி இல்லாம நிறம் மாறியிருக்கு."

"ஒம்பது வருசமா வெயில்ல நிக்குது சார்!"

"நிக்கட்டும். மாறுததுக்கு முன்னாடி விண்ணப்பிச்சீங்களா?"

சாம்சன் குறுக்கிட்டான், "முழுக் காருக்கும் கம்பெனி வெள்ளையையே அடிச்சிரட்டுமா சார்?"

"அடிச்சா அது நிறமாற்றம். முன்அனுமதி வேணும். ஏற்கனவே அனுமதி இல்லாம நிறம் மாறின வண்டிக்கு முன்அனுமதி குடுக்க மாட்டோம்." இதைச் சொல்லிவிட்டு ராம்சங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விதி இவ்வளவு அழகாக வட்டம் போட்டு வந்து நிற்பதை அவர்களும் ரசிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்போல.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நிறத்தை மாற்றியவர் யாரென்று தெரிவித்து, அவரை விசாரித்து, வண்டிச் சொந்தக்காரர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாக வேண்டும். கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த பிரிவு எழுத்தர் ப்ரியதர்ஷினி விண்ணப்பத்தைத் திறந்தாள்.

"நிறமாற்றம் செய்தவர் பெயர் சொல்லுங்க சார்."

"வெயிலும்மா."

"வெயில்னா ஆள் பேரா வராதே. சூரியன்னு போட்டுக்கிடட்டா?"

நாறும்பூநாதன் தலையாட்டினார். அந்த இடத்தில் அவர் தலையாட்டியிருக்கக்கூடாது.

"தகப்பனார் பேரு?"

"காசிப முனிவர்னு போடுங்கம்மா, புராணத்துல இருக்கு" என்றார் காசி. அவர் மார்கழி மாதம் தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். விலாசத்துக்குக் 'கிழக்கு' என்று போட்டார்கள். பின்கோடு இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. தினமும் இங்கே வந்துபோகிறவர்தானே என்று சங்கரன்கோவில் பின்கோடையே ப்ரியதர்ஷினி அடித்தாள். அவள் கெட்ட பெண் இல்லை. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாக இருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சூரியனுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிற்று. 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று பத்தாம் நாள் திரும்பி வந்தது. எதிர்தரப்பு நோட்டீஸை வாங்க மறுத்தால் அவர் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும் என்று விதி. காசி மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில், கிழக்குப் பார்த்து, பசை தடவி ஒட்டினார். ஒட்டியதற்குச் சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பின்கதவை வழக்குப் பொருள் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அறையில் இடமில்லாததால் அதையும் அந்தத் தொட்டியின்மேல் சாய்த்து வைத்தார்கள். சித்திரை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வாய்தா ஆனி மாதத்துக்கு.

ஒரு கதவில்லாத கார் பட்டறை வாசலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றது.

"அதனால என்னய்யா, பஸ்ஸுல போய்க்கிடுதேன். நாடே பஸ்ஸுலதான் போவுது" என்றார் டீச்சர். நாறும்பூநாதனுக்கு அது போதவில்லை. செவ்வாய், வெள்ளி காலை டீச்சர் வீட்டுக்குப் போய், பையையும் தலையணையையும் பிளாஸ்க்கையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து போனார். பதினெட்டு வருடம் ஸ்டியரிங்கின் பின்னால் இருந்த மனுஷனுக்கு மடியில் தலையணையோடு உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது, மானூர் தாண்டியதும் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. நாறும்பூநாதன் தோளில் கிடந்த துண்டை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தார். டீச்சர் அதில் வாந்தி எடுத்துவிட்டு, "ஏசப்பா, உன் துண்டு போச்சேய்யா" என்றார். அந்த நிலைமையிலும் துண்டைப் பற்றித்தான் சொன்னார். நாறும்பூநாதனுக்கு அழுகை வந்தது; அழவில்லை, கோபமாக மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலகின் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"சார், அந்தம்மா உடம்புல ஓடுத ரத்தத்த வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விடுதாவ. அப்படியே பஸ்ஸுல குலுக்கிக் கூட்டிட்டு வாரேன். போன வாரம் மானூர் பக்கத்துல என் கையிலயே சாஞ்சிட்டாங்க. ஒரு கதவுக்காக சார்! பிரேக் பிடிக்குது, லைட்டு எரியுது, காரு ஓடுது. வெள்ளையில என்ன சார் இருக்கு உங்களுக்கு?"

ப்ரியதர்ஷினி தட்டச்சை நிறுத்தினாள். ராம்சங்கர் பேனாவை மூடி வைத்து, முழுதும் கேட்டார். அவர் கண்கள்கூடக் கலங்கியதுபோல இருந்தது.

"ரொம்ப உருக்கமா இருக்கு" என்றார். "இதை மனுவுல எழுதிக் குடுங்க. உருக்கத்துக்குத் தனிக் கட்டம் இருக்கு. இருநூறு எழுத்துக்கு மேல போகாம."

நாறும்பூநாதன் அந்த மனுவை எழுதினார். நான்கு தடவை அடித்து அடித்து எழுதினார். மானூர் வரைக்கும் வருவதற்குள் இருநூறு எழுத்து முடிந்துவிட்டது.

ஆனி மாத வாய்தா வந்தது. அன்றைக்குக் குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. அதன் மேகமெல்லாம் சங்கரன்கோவில்வரை வந்து கவிந்து கிடந்தது. காலையிலிருந்து வெளிச்சமே இல்லை. ராம்சங்கர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பதினொன்றே கால் மணிக்குக் காசி பால்கனிக்குப் போய், கோர்ட்டில் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிட்டார்:

"சூரியன்... சூரியன்... சூரியன்..."

கீழே டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது தூறல் விழுந்தது.

"எதிர்தரப்பு ஆஜராகவில்லை" என்று ராம்சங்கர் எழுதச் சொன்னார். "இன்னொரு வாய்ப்பு குடுப்போம். இயற்கை நீதின்னு ஒண்ணு இருக்குல்லா? ஒருத்தர் தரப்பைக் கேக்காம முடிவு எடுத்தா நமக்கும் மத்தவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டாவது வாய்தா ஆடி பிறந்து ஐந்தாம் நாள். அன்று காலை ஏழு மணிக்கே வெயில் சுளீரென்று அடித்தது. நாறும்பூநாதனுக்கு அப்படி ஒரு நிம்மதி. காசி மூன்று தடவை கூப்பிட்டு முடிக்கவும், ஜன்னல் கம்பி வழியாக வெயில் நேராக அலுவலர் மேசைமேல் வந்து விழுந்தது.

"வந்துட்டாரு சார்!" என்று நாறும்பூநாதன் எழுந்துவிட்டார். தன்னையறியாமல் 'ரு' போட்டுத்தான் சொன்னார். நான்கு மாதத்தில் அந்த மனுஷனின் புத்தியை அந்த இடம் அப்படி ஆக்கி வைத்திருந்தது.

ராம்சங்கர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "காசி, அந்த ஜன்னலைச் சாத்து. பைலைப் பாக்க முடியல" என்றார்.

ஜன்னலைச் சாத்திய பிறகு, இரண்டு முறை அழைத்தும் எதிர்தரப்பு ஆஜராகாததால், சூரியனே குற்றவாளி என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதப்பட்டது. வண்டிச் சொந்தக்காரர் குற்றமற்றவர். சூரியன் இனிமேல் முன்அனுமதி பெறாமல் எந்த வாகனத்தின் நிறத்தையும் மாற்றக்கூடாது என்று எச்சரிக்கப்படுகிறார். நகல் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டப்படும்.

"கடைசியா ஒருவாட்டி ஆய்வு. அது வெறும் சடங்குதான்" என்றார் ராம்சங்கர்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள், திங்கட்கிழமை, மொட்டைமாடியிலிருந்து பின்கதவை இறக்கினார்கள். முன்கதவைச் சாம்சன் கொண்டுவந்தான். சிவப்பு நாற்காலிகள், டியூப்லைட். ராம்சங்கர் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். காசியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ப்ரியதர்ஷினி வந்து பார்த்தாள். மூன்று மாத வெயில், அக்னி நட்சத்திரத்தையும் சேர்த்து, மேல்வார்னிஷ் இல்லாத அந்தக் கதவை மிச்சமில்லாமல் தின்று தீர்த்திருந்தது. ஒன்பது வருடம் கார் வாங்கிய வெளிறலைக் கதவு ஒரு கோடையில் வாங்கிவிட்டது. இரண்டு கதவும் ஒரே வெள்ளை. டியூப்லைட்டிலும் ஒரே வெள்ளை.

சாம்சன் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வார்னிஷ் அடிக்காததைச் சொன்னால் அதற்கு ஒரு படிவம் இருக்கும்.

"பாத்தீங்களா!" என்றார் ராம்சங்கர். குரல் தழுதழுத்தது. "செஞ்ச தப்பைத் தானே திருத்திக் குடுத்திருக்கு. எப்படி? நோட்டீஸு! நோட்டீஸு போகாம இது நடந்திருக்குமா? அலகு தேவையான்னு கேக்காங்களே, அவங்களை இங்க வந்து பாக்கச் சொல்லுங்க. இதை நான் மேலிடத்துக்குத் தனியா எழுதப் போறேன்."

முத்திரை விழுந்தது. டேங்க் மூடியைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நடுவில் ஊதா வட்டமும், சிவப்பு எண்ணும் அப்படியே இருந்தன.

"அரசு முத்திரையோட மூடி ரோட்டுல ஓடக்கூடாது. அழிச்சிட்டு மாட்டிக்கிடுங்க" என்றார் காசி.

பட்டறையில் சாம்சன் கதவுகளை மாட்டிய பிறகு, பாலீஷ் பசையைத் துணியில் தொட்டு அந்த முத்திரையைத் தேய்த்தான். லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது; நாறும்பூநாதன் அவசரப்படுத்தினார். முத்திரை போனதும் டப்பென்று மூடியை மாட்டிவிட்டு, வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் பாடவேண்டும்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி ஞானபூரணம் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. டீச்சர் இந்த ஆறு மாதத்தில் பாதியாகியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உள்ளே ஏறவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கச் சொல்லிக்கொடுத்த கண் அது. கதவுகளை விரலால் தடவிக்கொண்டே முன்கதவிலிருந்து பின்கதவுக்குப் போனார், பிறகு பின்கதவிலிருந்து முன்கதவுக்கு.

"எந்தக் கதவுய்யா அது?" என்றார்.

நாறும்பூநாதன் பெருமையாகக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. முன்கதவா, பின்கதவா? எருமை, மாடிப்படி, சிவப்பு நாற்காலி, மானூர், துண்டு, எல்லாம் ஞாபகம் இருந்தது. கதவுதான் தெரியவில்லை.

"பின்னது டீச்சர்" என்றார், தலையணையை வாங்கிக்கொண்டே. "உங்க கதவுதான்."

"இதுக்கா இத்தன மாசம் பஸ்ஸுல கொண்டுபோன?" டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. நாறும்பூநாதன் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, தலையணையை அந்தக் கதவோரம் முட்டுக் கொடுத்தார். டீச்சர் ஒரு காலை உள்ளே வைத்தவர், மறுபடி வெளியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தார்.

"அது சரி நாறும்பூ, அந்த டேங்க் மூடி மட்டும் ஏன் இம்புட்டுப் பளிச்சுனு வேற வெள்ளையா இருக்கு?"

நாறும்பூநாதன் திரும்பிப் பார்த்தார். சாம்சன் தேய்த்த தேய்ப்பில் முத்திரையோடு சேர்ந்து ஒன்பது வருட வெயிலும் போயிருந்தது. ஷோரூமிலிருந்து இன்றைக்கு வந்ததுபோல அந்த உள்ளங்கையளவு இடம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. காலை வெயிலில் தெருமுனைவரைக்கும் தெரியும்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மூடியின்மேல் போட்டு, ஒரு முனையை இடுக்கில் செருகினார். ஓடிப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர்" என்றார்.